விலாசம் மறந்தவன்

பேய் பிசாசில் எனக்கு ஒருநாளும் நம்பிக்கை இருந்ததில்லை. கடவுளிலும் பெரிதாக இல்லை, ஆனால் லண்டன் மனோர் பார்க்கில் குடியிருந்துகொண்டு முருகன் கோயிலுக்குப் போகாமல் விட்டால் போவதைவிட அதிகம் விளக்கம் சொல்ல வேண்டிவரும் என்பதால் போய்வருகிறேன். நான் நம்பியதெல்லாம் நடைமுறை ஒன்றைத்தான். ஓய்வு பெறும்வரை அகதி வழக்குகளில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவன். எனவே இப்போது சொல்லப்போவதை நம்புங்கள் என்று உங்களைக் கேட்கவில்லை. நீங்கள் நம்பினால் எனக்கு இன்னும் வெட்கமாக இருக்கும்.

அந்த வேலையின் நடைமுறையைச் சொன்னால்தான் மற்றது விளங்கும். சாட்சி "நான்" என்றால் மொழிபெயர்ப்பாளரும் "நான்" என்றுதான் சொல்ல வேண்டும். "தன்னை அடித்ததாகச் சொல்கிறார்" என்று சொல்லக் கூடாது, "என்னை அடித்தார்கள்" என்றே சொல்ல வேண்டும். கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது, சாட்சி அழுதால் கூட அழக் கூடாது. தொடங்குமுன் சாட்சியோடு இரண்டு வார்த்தை பேசி, நான் பேசுவது அவருக்கு விளங்குகிறதா என்று கேட்டு, அவர் ஓம் என்ற பிறகுதான் விசாரணை. முடிந்ததும் நீதிபதி "மொழிபெயர்ப்பாளர் போகலாம்" என்று வாயால் சொல்லி விடுவிக்கும்வரை கதிரையை விட்டு அசைய முடியாது. அந்த "நான்" காரணமாக எத்தனையோ முகாம்களில் என்னை அடித்திருக்கிறார்கள், எத்தனையோ வள்ளங்களில் நான் கவிழ்ந்திருக்கிறேன், பின்னேரம் ரயிலேறி வீட்டுக்கு வந்து கோப்பி குடித்திருக்கிறேன். ஒன்றும் என்னில் ஒட்டியதில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

லுபோமிர் எனக்குப் பக்கத்து வீடு. இரண்டு வீட்டுக்கும் நடுவே இருப்பது ஒரு செங்கல் சுவர்தான், அவர் இருமினால் எனக்குக் கேட்கும். செக் நாட்டுக்காரர், எண்பதைத் தாண்டியவர். அவருடைய வாழ்க்கையைச் சொல்ல வெளிக்கிட்டால் ஒரு வசனத்தோடு அடுத்த வசனம் சண்டை பிடிக்கும். பிராக் நகரத்தில் அரசாங்கப் பதிப்பகத்துக்கு ஆங்கில, ஜெர்மன் நாவல்களை மொழிபெயர்த்தவர். அங்கே வேலை முடிந்ததும் ஆவிகளோடு பேசுகிற ஒரு இரகசியக் கூட்டத்துக்குப் போனவர். அதே காலத்தில், ஆவியாவது ஒன்றாவது, எல்லாம் ஏமாற்று என்று ஆளும் கம்யூனிஸ்ட் கட்சிக்காக ஒரு சிறுநூலும் எழுதிக் கொடுத்தவர். மேசையை முழங்காலால் தூக்குவது எப்படி, நூலைக் கட்டி மணியை ஆட்டுவது எப்படி என்று படம் போட்டே விளக்கியிருந்தாராம். "எனக்கு எதிராக வந்த புத்தகங்களில் அதுதான் சிறந்தது, நானே எழுதியது" என்பார். நம்புவீர்களோ தெரியாது, அதைப் படித்த சனம், இவ்வளவு விபரம் தெரிந்த மனுசன் உண்மையான ஆளாகத்தான் இருக்க வேண்டும் என்று அவரையே தேடிப் போயிருக்கிறது. பொலிஸ் பிடித்து விசாரித்தது. விசாரித்த அதிகாரி பிறகு தன் மாமியாரின் சாதகத்தோடு பின்கதவால் வந்தாராம். லண்டனுக்குத் தப்பி வந்த பிறகும் அதே கதைதான். ஞாயிற்றுக்கிழமை காலை தவறாமல் கத்தோலிக்கப் பூசை, மற்ற நாளில் ஆவி. பாவசங்கீர்த்தனத்தில் இதையெல்லாம் சொல்வீர்களா என்று ஒருமுறை கேட்டேன். "ஆவிகளின் பாவத்தை ஆவிகள்தான் சொல்ல வேண்டும்" என்றார்.

அவர் பேசியது ஆங்கிலத்தில். இங்கே நான் தமிழில் தருகிறேன். கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை, அது பழக்கதோஷம்.

அப்டன் பார்க்கில் நகைக்கடை வைத்திருக்கும் எங்கள் பெண் ஒருத்திக்கு அவளுடைய இறந்துபோன தகப்பனைப் பற்றி இவர் ஏதோ சொல்லப்போக, அன்றிலிருந்து எங்கள் ஆட்களுக்கு இவர் குறி சொல்லும் "செக் சாத்திரியார்" ஆகிவிட்டார். காசு வாங்க மாட்டார். தட்டைவடை கொண்டுபோனால் வாங்குவார், பியரோடு சாப்பிடுவார். சனம் வந்து போவதை நான் ஜன்னலால் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பேன். வேலிக்கு மேலால் அவரோடு வாதம் செய்வேன்.

"செத்தவர்களுக்கு வேலை செய்வது எனக்குப் புதிதில்லை," என்பார். "நான் மொழிபெயர்த்த ஆசிரியர்களில் முக்கால்வாசிப் பேர் செத்தவர்கள். மூல ஆசிரியர் உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்பது மொழிபெயர்ப்பாளனின் பிரச்சினை இல்லை."

"மூலம் இருக்கிறதா இல்லையா என்பதாவது பிரச்சினையா?" என்று கேட்டேன்.

அவர் வடையைக் கடித்தார்.

எங்கள் தெருவின் முனையில் தவமணி அக்கா இருந்தார். என்னைவிட ஆறேழு வயது மூத்தவர், தனியே இருந்தவர். மகள் சுகந்திக்கு லண்டனின் தெற்கே சட்டனில் மருந்துக்கடையில் வேலை, புருஷன் பிள்ளைகளோடு அங்கேயே வீடு. கீழே தாய்க்கென்று ஒரு அறையும் குளியலறையும் கட்டி வைத்துவிட்டு வா வா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அக்கா போகவில்லை. படியில் ஒருமுறை விழுந்தார், போகவில்லை. இன்னொருமுறை விழுந்து இடுப்பு எலும்பு உடைந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார், திரும்பி அதே வீட்டுக்குத்தான் வந்தார். இனி விழுந்தால் எழும்ப மாட்டார் என்று டொக்டர் சொல்லியாயிற்று.

காரணம் மகன், சுகந்தியின் தம்பி ரூபன். யுத்தத்தின் கடைசியில் வன்னியில் காணாமல் போனவன். அதற்கு முதல் ஒருநாள் எங்கேயோ இருந்து போன் எடுத்திருக்கிறான், அக்கா இந்த வீட்டு விலாசத்தைச் சொல்லியிருக்கிறார். பிறகு சத்தமில்லை. இவ்வளவுதான் எனக்குத் தெரிந்திருந்தது. "அவனிட்டை இருக்கிறது இந்த விலாசம் மட்டும்தான். வந்து கதவைத் தட்டேக்கை நான் இல்லாட்டி?" என்று அக்கா கேட்பார். அவனுக்கு அந்தியேட்டிக் கிரியை செய்யவும் விடவில்லை, செத்தவன் என்ற சொல்லை வீட்டுக்குள் விடவுமில்லை.

கடைசியில் அக்காவே ஒரு முடிவுக்கு வந்தார். "சாத்திரியாரிட்டைக் கேப்பம். போகலாம் எண்டு ரூபன் சொன்னால் போறன். இல்லாட்டி என்னை ஒருத்தரும் கரைச்சல்படுத்தக் கூடாது." மகள் மொழிபெயர்க்கக் கூடாது என்பது அவருடைய நிபந்தனை. "இவள் தனக்கு வசதியாத்தான் சொல்லுவாள். தம்பி, நீர் வாரும். நீர் கோர்ட்டிலை நிண்ட ஆள்."

குடும்பத்தார் மொழிபெயர்க்கக் கூடாது என்பது நடைமுறையிலும் இருக்கிறது. அதனால்தான் ஒப்புக்கொண்டேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில், கிழவனின் வித்தையைக் கிட்ட இருந்து பார்க்கும் ஆசை.

சாத்திரியாரிடம் போவதற்கு முதல்நாள் சுகந்தி என்னை வந்து பார்த்தாள். காரைவிட்டு இறங்கவில்லை, கண்ணாடியை மட்டும் இறக்கினாள்.

"அங்கிள், ஒரு ஹெல்ப். அந்தாள் என்ன சொன்னாலும் பரவாயில்லை. நீங்கள் அம்மாவுக்கு, அவன் செத்திட்டான் எண்டு சொல்லுங்கோ."

"என்ன கதை கதைக்கிறீர் பிள்ளை? சொல்லாததை நான் சொல்ல ஏலாது."

"ஏன், ஜட்ஜ் வாறாரோ? ஒரு செக் கிழவன்தானே அங்கிள். பேயிருக்கெண்டு நீங்களே நம்பிறேல்லை, பேய் சொன்னதை மாத்திறதுக்கு என்ன ரூல்ஸ்?"

நல்ல கேள்விதான். அது வேறு என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

அது நவம்பர் மாதத்துச் சனிக்கிழமை, மத்தியானம் கழிந்த நேரம். பேய்க்கதைக்கு ஏற்ற நேரமில்லை என்று நீங்கள் நினைக்கலாம், நானும் அப்படித்தான் நினைத்தேன். லுபோமிரின் முன்னறையில் வட்ட மேசை, சுற்றவர அகராதிகள், சுவரில் சிலுவை ஒன்று, அதற்குக் கீழே சோதிடச் சக்கரம் ஒன்று. தேத்தண்ணீர் வைத்திருந்தார். தவமணி அக்கா வெளியே போகும்போது உடுக்கும் நல்ல சீலையும் அதற்கு மேல் கோட்டும் போட்டு, கைத்தடியோடு இருந்தார். சுகந்தி கதவுப் பக்கம், போனை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு. மேசையைச் சுற்றி நாலாவதாக ஒரு வெறுங்கதிரை. அது வருகிறவருக்காம்.

அங்கேதான் என் கொழுப்பு வேலை செய்தது. நடைமுறை என்றால் நடைமுறை. அக்காவிடம் விளங்குதா என்று கேட்டேன், ஓம் என்றார். லுபோமிரிடம் கேட்டேன், தலையாட்டினார். பிறகு அந்த வெறுங்கதிரையைப் பார்த்து, நீதிமன்றத்தில் கேட்கிற அதே குரலில், "நான் கதைக்கிறது உங்களுக்கு விளங்குதோ?" என்று கேட்டேன். கிழவனைக் கிண்டல் பண்ணத்தான். ஒரு தாய் பார்த்துக்கொண்டிருக்கும்போது அப்படிக் கேட்டேன், அதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. யாரோ "ஓம்" என்றார்கள். அக்கா என்று நினைத்தேன்.

லுபோமிர் இரண்டு கையையும் மேசையில் வைத்துக் கண்ணை மூடினார். பேசத் தொடங்கினார். ஒரு இளைஞன் தெரிகிறான், தண்ணீர்க்கரையில் நிற்கிறான், களைத்திருக்கிறான். வன்னியில் பிள்ளையைத் தொலைத்த எந்தத் தாய்க்கும் இதைச் சொல்லலாம் என்று மனதுக்குள் நினைத்தபடி அப்படியே தமிழில் சொன்னேன். பிறகு அவர் "நான்" என்று தொடங்கினார். நானும் "நான்" என்று தொடங்கினேன்.

"அம்மா, நான்தான். விலாசத்தை மறந்திட்டன் அம்மா. வீட்டு நம்பரும் மறந்து போச்சு, தெருவின்ரை பேரும் மறந்து போச்சு. அண்டைக்கு எழுதப் பேனை இல்லாமல் விட்டது பிழையாப் போச்சு. பாடமாக்கிறன் எண்டு சொன்னனான், கன நாள் சொல்லிச் சொல்லிப் பாத்தனான், பிறகு ஒவ்வொண்டாப் போயிட்டுது. இப்ப என்னட்டை ஒண்டும் இல்லை. நீங்கள் அந்த வீட்டிலை இருந்தாலும் எனக்குத் தெரியாது, வேறை எங்கை இருந்தாலும் எனக்குத் தெரியாது. நீங்கள் அக்காவோடை போங்கோ அம்மா."

இன்னும் கொஞ்சம் சொன்னேன், அது எனக்கு ஞாபகமில்லை. ஞாபகம் இருப்பது ஒன்று. சாட்சிகள் என்னைப் பார்க்காமல் நீதிபதியைத்தான் பார்க்க வேண்டும் என்று ஆயிரம் தடவை சொல்லிக்கொடுத்தவன் நான். அக்கா லுபோமிரைப் பார்க்கவே இல்லை. தொடக்கம் முதல் முடிவுவரை என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. கையை நீட்டி என் புறங்கையைத் தட்டினார்.

"அதுக்கென்ன ராசா," என்றார். "மறந்தால் மறந்ததுதானே. நான் உன்னை ஏசுவனே? நீ அதை யோசிச்சுக்கொண்டிராதை. நான் அக்காவோடை போறன்."

பிறகு தேத்தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டு, கைத்தடியை ஊன்றி எழும்பினார்.

காரில் தாயை ஏற்றி, பெல்ட் போட்டுவிட்டு, சுகந்தி என்னிடம் திரும்பி வந்தாள். கண் சிவந்திருந்தது.

"நான் கேட்டது வேறை. பரவாயில்லை, அங்கிள். தாங்க்ஸ்."

"எனக்கேன் தாங்க்ஸ்? அந்தாள் சொன்னதைத்தானே நான் சொன்னனான்."

அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். "அங்கிள், தண்ணிக்கரை, களைச்சிருக்கிறான், அவ்வளவுதான் அவர் சொன்னவர். பிறகு நித்திரை. குறட்டையும் விட்டவர். நீங்கள்தான் நிப்பாட்டாமல் கதைச்சுக்கொண்டே போனீங்கள்."

"விசர்க்கதை."

"நான் அங்கைதானே இருந்தனான். பேனை இல்லையெண்டு அவன் போனிலை சொன்னது அம்மாவுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். அம்மா உங்களுக்கு எப்ப சொன்னவா?"

எப்போது சொன்னார்? கோயில் வாசலில் சொல்லியிருக்கலாம், நான் காது கொடுத்தும் கொடுக்காமலும் கேட்டிருக்கலாம். அப்படித்தான் இருக்க வேண்டும் என்று அவளிடமும் சொன்னேன். அவள் தலையாட்டினாள், நம்பவில்லை. கார் போனது. நான் என் வீட்டுக்குள் வந்து கோட்டைக் கழற்றாமலே இருந்தேன்.

லுபோமிர் பேசியதை நான் கேட்டேன். ஒவ்வொரு சொல்லின் முதல் அசையிலும் அழுத்தி உச்சரிக்கும் அவருடைய அந்த ஆங்கிலத்தைக் கேட்டேன். சத்தியம் செய்யச் சொன்னாலும் செய்வேன். ஆனால் அவர் சொன்ன ஆங்கில வசனம் ஒன்றைச் சொல் என்று நீங்கள் கேட்டால் என்னிடம் ஒன்றும் இல்லை. தமிழ்தான் இருக்கிறது.

ஒன்றில், இளகிய மனதுக்காரன் என்று என்னைப் பற்றி எனக்கே தெரியாமல் இருந்து, ஒரு தாயின் முன்னால் அவளுடைய பிள்ளையாக நடித்து, பொய் சொல்லியிருக்கிறேன். வேலையில் இருந்தபோது செய்திருந்தால் மொழிபெயர்ப்பாளர் பட்டியலிலிருந்து என் பெயரை வெட்டியிருப்பார்கள், வெட்டவும் வேண்டும். இல்லையென்றால் மற்றது. எதை ஒப்புக்கொள்ள வெட்கம் குறைவு என்று இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

மறுநாள் அவர் பூசையால் வந்ததும் போய்க் கதவைத் தட்டினேன். நித்திரையா கொண்டீர்கள் என்று நேரடியாகவே கேட்டேன். கிழவனின் முகம் சிவந்துவிட்டது.

"மருந்து," என்றார். "கொஞ்ச நாளாக இப்படித்தான். எழும்பியபோது நீங்கள் பேசிக்கொண்டிருந்தீர்கள். தமிழ் எனக்குத் தெரியாது. ஆனால் ஒருவன் மூலத்தைப் பார்த்து மொழிபெயர்க்கிறானா, தானாக அளக்கிறானா என்பது எந்த மொழியிலும் எனக்குத் தெரியும். நீங்கள் காத்துக் காத்துப் பேசினீர்கள். நடுவில் நிறுத்தினீர்கள். ஒரு சொல்லைத் திருத்தினீர்கள்."

நான் திரும்பிப் போக வெளிக்கிட்டேன்.

"உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வேலிக்கு மேலால் கேட்டீர்களே, மூலம் இருக்கிறதா என்று. நான் ஒருநாளும் ஒன்றையும் கேட்டதில்லை. ஐம்பது வருடமாக. கட்சிக்கு எழுதிக் கொடுத்த அந்தச் சிறுநூல் இருக்கிறதே, நான் எழுதியவற்றில் அது ஒன்றுதான் உண்மை. ஒருநாள் கேட்கும், ஒருநாள் கேட்கும் என்றுதான் மேசையில் கையை வைத்துக்கொண்டிருந்தேன். கேட்காத நாட்களில் சனத்தை வெறுங்கையோடு அனுப்ப மனமில்லாமல் ஏதோ சொன்னேன். எல்லா நாளும் கேட்காத நாள்தான்." அவர் என் கையைப் பிடித்தார். "சொல்லுங்கள், அது எப்படி இருக்கும்? வெளியிலிருந்து கேட்குமா, உள்ளேயா?"

அந்த மனிதனுக்கு ஒரு உண்மையான பதிலாவது நான் சொல்லியிருக்கலாம். "ஒன்றும் நடக்கவில்லை. எனக்குக் களைப்பு, அவ்வளவுதான்" என்றேன்.

"நம்பிக்கையே இல்லாத உங்களுக்கு," என்றார். அவர் குரலில் இருந்தது பொறாமையா, கோபமா என்று தெரியவில்லை. "எனக்காக ஒருமுறை இருப்பீர்களா? என் மனைவியிடம் ஒரேயொரு கேள்வி."

"நான் ஓய்வு பெற்றவன், லுபோமிர்."

அவர் சிரித்தார். வேலையில் நடப்பதெல்லாவற்றையும் வேலிக்கு மேலால் நானே அவருக்குச் சொல்லியிருக்கிறேன். "வேலை முடிந்தால் யாராவது உங்களை விடுவிக்க வேண்டும் என்றீர்களே. நேற்று யார் விடுவித்தார்கள்?"

அவர் அதன்பிறகு யாருக்கும் மேசை போடவில்லை. தேடி வருகிறவர்களிடம், தான் மொழிபெயர்ப்பாளன் மட்டும்தான் என்று சொல்லி அனுப்பிவிடுகிறார். வாசலில் வந்துநிற்கிற எங்கள் பெண்களிடம் என் வீட்டைக் கை காட்டுகிறார். பெல் அடித்தாலும் நான் திறப்பதில்லை. வீதியில் அவரைக் கண்டால் மற்றப் பக்கம் போய்விடுகிறேன்.

தவமணி அக்கா நத்தார்ப் பண்டிகைக்கு முதலே சட்டனுக்குப் போய்விட்டார். கீழறை, படி இல்லை, சுகமாக இருக்கிறார். மனோர் பார்க் வீட்டில் இப்போது வேறு ஆட்கள் இருக்கிறார்கள். வெள்ளிக்கிழமைகளில் எனக்குப் போன் எடுப்பார். முதலில் தம்பி என்றும் நீர் என்றும்தான் கதைத்தார். பிறகு எப்போது மாறியது என்று தெரியாது, இப்போது ராசா என்றும் நீ என்றும் கூப்பிடுகிறார். சாப்பிட்டியோ என்று கேட்பார், ஓம் அம்மா என்பேன். தலை நரைத்த மனுசன், என்னைவிடக் கொஞ்சமே மூத்த ஒருவரை அம்மா என்று கூப்பிட்டுக்கொண்டு சமையலறையில் நிற்கிறேன். திருத்த வேண்டும் என்று ஒவ்வொரு வெள்ளியும் நினைப்பேன், திருத்தியதில்லை. தனியே கிடக்கிற ஒருவருக்கு ஆறுதல், இதில் என்ன அமானுஷ்யம் என்று நீங்கள் சொல்லலாம். நானும் போன கிழமைவரை அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

போன கிழமை போனில் கனக்கக் கதைத்துவிட்டு, வைக்கப் போகிற நேரம், "உன்ரை கால் இப்ப எப்பிடி ராசா?" என்று கேட்டார்.

"இப்ப நோகிறேல்லை அம்மா," என்றேன். யோசிக்காமல், உடனே.

என் காலில் ஒருநாளும் ஒரு நோவும் இருந்ததில்லை. ரூபனுடைய காலுக்கு என்ன நடந்தது, எந்தக் கால் என்று சுகந்தியிடம் ஒரு வார்த்தை கேட்டால் தெரிந்துவிடும். அவளுடைய நம்பர் என்னிடம் இருக்கிறது. கேட்க வெட்கமாக இருக்கிறது.